சின்ன கிதாஹிக்கு எத்தனை அடிக் கட்டில்

நியாஹுருருவில் ரொட்டி வண்டி ஓட்டும் கிராகுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். நல்லவன், அதிர்ந்து பேசமாட்டான், எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பான். ஊரே நல்லவன் என்று சொல்கிற ஆளுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது தெரிந்த கதைதான். அவனுக்கென்று மிச்சம் இருந்த ஒரே சொத்து தூக்கம். அதையும் இரண்டரை வயதுப் பிள்ளை பிடுங்கிக்கொண்டது.

பிள்ளையின் பெயர் கிதாஹி. கிராகுவின் அப்பா பெயரும் அதுதான். தலைமகனுக்குத் தாத்தா பெயரை வைப்பது கிகுயு ஜனங்களின் வழக்கம். வைப்பதோடு விட்டால் பரவாயில்லை. பெயர் வந்த இடத்துக்கு ஆளும் வந்துவிட்டதாகவே நடந்துகொள்வார்கள். கிராகு மகனை "அப்பா" என்றுதான் கூப்பிடுவான். அவன் மனைவி வமூயுவின் பாடு இன்னும் திண்டாட்டம். சொந்த மாமனாரை எப்படி அதட்டுவது?

"மாமா, மூக்குல இருந்து விரலை எடுங்க" என்பாள். "மாமா, சுவத்தை நக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

மாமா நக்குவார்.

மாமா படுத்துக்கொண்டிருந்தது கம்பி வைத்த மரத்தொட்டில். பேக்கரி முதலாளி கெசியா அம்மா தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கொடுத்தது. அதில் அவன் ஒழுங்காகப் படுத்திருந்த காலம் ஒன்று உண்டு. கம்பியில் கால் வைத்து ஏறிக் குதிக்கக் கற்றுக்கொண்ட நாளோடு அது முடிந்தது. விளக்கு அணைத்த கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் அப்பன் ஆத்தாளுக்கு நடுவே குறுக்காக வந்து விழுவான். தலை வமூயுவின் வயிற்றில், கால் கிராகுவின் தொண்டையில். வமூயு அப்போது நிறைமாதம். வயிற்றுக்குள் இருப்பது உள்ளிருந்து உதைக்கும், வெளியே இருப்பது வெளியிலிருந்து உதைக்கும். கிராகுவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் உதை. கட்டிலின் விளிம்பில் ஒரு தோளை மட்டும் ஊன்றிக்கொண்டு, வௌவால் மாதிரி தொங்கியபடி விடியும் வரை கிடப்பான். அதன் பிறகு எழுந்து போய் வண்டியை எடுக்க வேண்டும்.

ஒருநாள் ஒல் கலோ சாலையின் வளைவில் சாலை திரும்பியது, கிராகு திரும்பவில்லை. வண்டி வேலியை உடைத்துக்கொண்டு முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. தோட்டக்காரன் ஓடி வந்து பார்த்தபோது, கிராகு ஸ்டீயரிங்கில் கன்னத்தை வைத்துப் புன்னகையோடு தூங்கிக்கொண்டிருந்தான். கோஸுக்கு ஈடாக அவன் எத்தனை ரொட்டி எடுத்துக்கொண்டான் என்பது யாருக்கும் தெரியாது.

கெசியா அம்மா கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசுவதுதான் ஆபத்து.

"இன்னொரு தடவை என் வண்டி எங்கயாவது மேயப் போச்சுன்னா, சாவிய அந்த ஆணியில மாட்டிட்டு நீ வீட்டுக்குப் போயிடு, கிராகு. ஓட்டறதுக்கு ஆள் வாசல்லயே நிக்கிறான்."

வேலை போனால் பிரசவச் செலவுக்கு எங்கே போவது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். பிள்ளைக்குத் தனியாகக் கட்டில் போட வேண்டும். தொட்டிலும் காலியாகும், வரப்போகிற குழந்தைக்கு ஆகும். எவ்வளவு எளிய காரியம் பாருங்கள்.

சாலையோரத்தில் கட்டில் செய்கிற வஹோமேயிடம் போனான். அங்கே கட்டில்கள் வரிசையாக நிமிர்த்தி வைத்திருக்கும். மூணுக்கு ஆறு, நாலுக்கு ஆறு, அஞ்சுக்கு ஆறு. பக்கத்தில் சவப்பெட்டிகளும் அடுக்கியிருக்கும். மனுஷனுக்குக் கடைசியில் படுக்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் முடித்துக்கொள்ளலாம். கிராகு நாலடி நீளம், இரண்டடி அகலம், பிள்ளை உருண்டு விழாமல் நாலு பக்கமும் பலகை என்று சொன்னான். வஹோமே பென்சிலைக் காதில் செருகியவன் செருகியபடியே நின்றான். அப்படியொரு கட்டிலை அவன் செய்ததே இல்லை. வார்னிஷ் காய்வதற்குள் பையன் வளர்ந்துவிடுவான், காசைக் கரியாக்காதே என்றான். கிராகு அதிசயமாக விடாப்பிடியாக நின்றான். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது.

காரணம் உறவுக்காரர்கள். ஊரில் ஒரு வீட்டில் கட்டில் காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும், காலேஜ் சேர்ந்த மச்சான், வேலை தேடும் ஒன்றுவிட்ட தம்பி, பல் பிடுங்க வந்த சித்தப்பா என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். மூன்றடி அகலக் கட்டிலுக்கு ஒரு ஆள். நாலடிக்கு ஒரு ஆளும் அவன் சிநேகிதனும். இடம் கொடுத்தால் மடத்தையே பிடுங்குகிற ஜனம். ஆனால் நாலடி நீளக் கட்டிலில் எந்த மச்சான் படுப்பான்? கிராகு வாழ்நாளில் போட்ட ஒரே தந்திரம் அதுதான்.

தந்திரம் சனிக்கிழமை வரைதான் தாங்கியது. ஒல் கலோவுக்கு அப்பால் கிராகுவின் அப்பா பெரிய கிதாஹி வாழும் ஊரிலும் அவன் ரொட்டி போடும் கடை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கிதாஹிக்குக் கட்டில் செய்வதையும் அதன் அளவையும் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் பெரியவர் தேநீர் குடிக்க வந்தபோது, பெஞ்சில் இருந்த கிழங்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி அவருக்கு அனுதாபம் சொன்னார்கள். வஹோமே உங்களுக்கு அளவெடுத்துவிட்டானாமே, நாலடியில் எப்படி அடங்கப்போகிறீர்கள், மடக்கி வைப்பார்களா என்று விசாரித்தார்கள்.

பெரியவர் போனில் வந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணுகிறவர்.

"எனக்குக் கட்டில் செய்யறியாமே."

"உங்களுக்கு இல்லப்பா. பையனுக்கு."

"பையன் பேரு என்ன?"

"கிதாஹி."

"என் பேரு என்ன?"

கிராகு போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நாலடி நீளம். நாலு பக்கமும் பலகை. அதுக்குள்ள கிதாஹியப் படுக்க வைக்கப் போற. அப்படி ஒரு சாமானுக்கு என்ன பேருன்னு பக்கத்துல அடுக்கி வச்சிருக்கானே வஹோமே, அவனைக் கேளு."

நாலடிக் கட்டில் அத்தோடு ஒழிந்தது. கிராகு தணிந்த குரலில் மூணுக்கு ஆறு என்றான். அது ஹாஸ்டல் பையன்கள் படுக்கிறது என்றார் பெரியவர். வமூயுவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுத்தால்தான் பிள்ளை தூங்கும், அதற்கு நாலுக்கு ஆறாவது வேண்டும் என்றாள். கிராகு மச்சான்களை நினைத்துக்கொண்டே சம்மதித்தான். ஆனால் கிராகுவும் வமூயுவும் படுப்பதே நாலுக்கு ஆறுதான். அதைப் பெரியவர் மறக்கவில்லை.

"உன் அப்பனும் நீயும் ஒரே அளவா? நல்லா வளத்திருக்கேன்."

அப்படியானால் அஞ்சு என்றான் கிராகு. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் தன் நிலத்து மூலையில் நின்ற சைப்ரஸ் மரத்தை வெட்டினார். அவர் கைப்பட நட்டு, கூரை மாற்றும்போது உதவும் என்று பொத்திப் பொத்தி வளர்த்த மரம். அதைப் பலகையாக அறுத்துப் பால் லாரியில் ஏற்றி வஹோமேயின் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு நாற்காலி கொடுத்தவரில்லை. கிராகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது "ம்" என்றார். பிள்ளை பிறந்தபோது "ம்" என்றார். அப்பா வீட்டிலிருந்து மகன் வீட்டுக்கு முதன்முதலாக வந்த பொருள் அந்தப் பலகைகள்தான். கிராகு பட்டறைக்குப் போய் அவற்றைத் தடவிப் பார்த்தான். மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தான். வஹோமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நல்ல மரத்தைக் கண்டால் தச்சனுக்குக் கை நிற்குமா? மரம் மிச்சம் இருக்கையில் அடியை ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வஹோமே ஆறுக்கு ஆறாகச் செய்துவிட்டான். பெரியவர் கட்டிலுக்குப் போல்ட்டு நட்டெல்லாம் மரியாதையில்லை என்று எல்லா மூட்டையும் பசை போட்டு, ஆணி அடித்து, ஒரே உடம்பாக முடித்திருந்தான். கழற்ற முடியாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். இரண்டரை வயதுப் பொடியனுக்கு அந்தத் தெருவிலேயே பெரிய கட்டில் வந்து வாசலில் நின்றது.

வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். வீடு என்பது இரண்டு அறை. உள்ளறையில் கிராகுவின் கட்டிலும் தொட்டிலும். முன்னறையில் சோபா இருந்தது. இனி அங்கே கட்டில் இருக்கும், சோபா முற்றத்துக்குப் போய் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொள்ளும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சந்து மிஞ்சியது. கிராகு நண்டு மாதிரி பக்கவாட்டில் போவான். வமூயுவின் வயிறு அதில் நுழையாது. முன்னறையிலிருந்து உள்ளறைக்குப் போக வேண்டுமென்றால், அவள் தெருவுக்கு இறங்கி, பொதுக் குழாயைத் தாண்டி, கொல்லைக் கதவு வழியாக வர வேண்டும். உப்பை மறந்துவிட்டால் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் எடுத்து வந்தாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். கட்டில் வந்த மறுநாள் பெரியவர் மறுபடியும் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரும் அதுல உக்காரலையே?"

கிராகுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வழக்கத்தில் அப்பாவின் கட்டிலில் மகன் உட்காரக்கூடாது. மருமகள் விரல் கூடப் படக்கூடாது. பெயர்க்காரன் படுக்கும் கட்டில், பெரியவர் மரம் போட்ட கட்டில், பெரியவர் அளவு சொன்ன கட்டில். அது யார் கட்டில் என்பதில் இனி யாருக்கு என்ன சந்தேகம்? பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுக்கலாம் என்றிருந்த வமூயுவின் கணக்கு கவிழ்ந்தது. அவளுடைய சீட்டுப் பெண்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேரும் கட்டிலைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி நின்று பேசிவிட்டுப் போனார்கள். மச்சான் ஒருவன் பையோடு வந்து பார்த்து, யார் கட்டில் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் அப்படியே திரும்பிப் போய்விட்டான். கிராகுவுக்கு நடந்த ஒரே நல்லது அது.

சின்ன கிதாஹிக்கு மட்டும் அனுமதி உண்டு. அவனை அந்த மைதானத்தின் நடுவில் படுக்க வைத்துப் போர்வை போர்த்திவிட்டு, வமூயு எட்ட நின்று, "தூங்குங்க மாமா" என்றாள். மாமா எழுந்து நின்றார். நாலு திசையும் பார்த்தார். சுற்றிலும் யாரும் இல்லை. சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி வீறிட்டு அழுதார். அப்புறம் விளிம்புவரை தவழ்ந்து வந்து, சறுக்கி இறங்கி, சந்து வழியாக ஓடி, பழைய இடத்தில் குறுக்காக விழுந்தார். தினமும் இதே கூத்து. ஊரிலேயே பெரிய கட்டில் ஆளில்லாமல் கிடந்தது. மூணரைப் பேர் நாலடியில் நசுங்கினார்கள்.

வமூயு ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "போய் அதுல படுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

கிராகு போனான். கட்டிலோரம் நின்று பலகையில் கை வைத்தான். அவனால் முடியவில்லை. பயம் என்று சொல்லிவிடலாம், பயமும் இருந்தது. ஆனால் பயம் மட்டுமில்லை. அப்பா தனக்குக் கொடுத்த ஒரே பொருளை, அது தனக்குக் கொடுத்ததே இல்லை என்றாலும், கெடுத்துவிடக்கூடாது என்று அவனுக்கு இருந்தது. திரும்பி வந்து விளிம்பில் தொங்கினான்.

அந்த வாரம் ஆடுகள் சாலையைக் கடக்கட்டும் என்று வண்டியை நிறுத்தினான். ஆடுகள் கடந்தன, மேய்ப்பவன் கடந்தான், பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கிப் போயின. கிராகு மட்டும் நின்றுகொண்டே இருந்தான். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டியபோது, "இன்னும் ரெண்டு ஆடு பாக்கி சார்" என்றானாம். விஷயம் அவனுக்கு முன்னால் பேக்கரிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தன் தம்பி மகன் ஓட்டட்டும், திங்கட்கிழமை காலை கிராகுவின் கண்ணைப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்றார் கெசியா அம்மா.

சனிக்கிழமை மதியம் பெரியவர் வந்து இறங்கினார். கட்டிலைப் பார்க்க வந்தாராம். கோட்டும் தொப்பியுமாகச் சந்தில் நுழைந்து மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தார். குனிந்து ஆணிகளை எண்ணினார். "ம்" என்றார். இன்றைக்கு நானே படுத்துப் பார்க்கிறேன், என் பெயர்க்காரனும் என்னோடு படுக்கட்டும் என்றார். சின்னவனுக்கு ஒரே சந்தோஷம். துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது அல்லவா.

கிராகு உள்ளறையில் தன் கட்டிலில் பாதி இடம் காலியாகக் கிடந்தும் கண் மூடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தமும், முனகலும், பெரிய மனிதர் ஒருவர் சின்னப் பையனிடம் கெஞ்சுகிற குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. எழுந்து போய்ப் பார்க்கவும் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் முற்றத்துச் சோபாவில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலுதடு வீங்கியிருந்தது. வமூயு தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆறுக்கு ஆறு கட்டிலில் சின்ன கிதாஹி ஒருவனே கை காலைப் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தான்.

பெரியவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, எதிரே நின்ற கிராகுவைப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தானா?"

"தினமும்தாம்ப்பா."

"எப்பலேர்ந்து?"

"தொட்டில்லேர்ந்து குதிக்கக் கத்துக்கிட்டதுலேர்ந்து."

"அதோட போய் வண்டி ஓட்டற."

"ஓட்டறேன்." கிராகு அப்பாவின் காலைச் சுற்றித் தாளை இழுத்துவிட்டான். "நாளைக்கு வண்டிய வாங்கிக்குவாங்கப்பா."

பெரியவர் தேநீரைத் தரையில் வைத்தார்.

"இவ்வளவு பெரிய கட்டிலை வச்சுக்கிட்டு விளிம்புல தொங்குவானா ஒருத்தன்? கூமுட்டை. போய் அதுல படு."

"உங்க கட்டிலுப்பா."

"என் கட்டில்தான். அதனாலதான் நான் சொல்றேன். நான் அதுல படுத்தாச்சு, உதையும் வாங்கியாச்சு, எனக்குப் போதும். இனிமே அது உனக்கும் என் மருமகளுக்கும். அவனைத் தூக்கி உங்க பழைய கட்டில்ல போடு. அங்க உங்க வாசனை இருக்கு, அவன் தூங்குவான்."

"நாலடி ஆச்சேப்பா. உங்க பேரு..."

"பேரு எங்க வேணா படுக்கும். நீ போடா."

கிராகு சின்னவனை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் கிடத்திவிட்டு வந்தான். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிராகு செருப்பைக் கழற்றினான். கட்டிலின் ஓரத்தில், எழுந்து ஓடத் தயாராக இருக்கிறவன் மாதிரி படுத்தான்.

"விருந்தாளியா நீ? நடுவுல படு."

நடுவுக்கு நகர்ந்தான். கையை நீட்டினான். எதுவும் இடிக்கவில்லை. காலை நீட்டினான். எதுவும் இடிக்கவில்லை. சைப்ரஸ் வாசம் அடித்தது. அப்பாவுக்கு ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தான், வாயையும் திறந்தான், சொல்லும் முன்னே தூங்கிப்போனான்.

பெரியவர் உள்ளறைக் கதவையும் வாசல் கதவையும் சாத்திவிட்டு சோபாவை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். சின்னவன் எழுந்து கொல்லை வழியாகச் சுற்றி வந்தபோது அவனைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டார். சர்ச் முடிந்து எட்டிப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார், மகன் எங்கே, கட்டிலைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அந்த மச்சான்கூட மறுபடி வந்து பார்த்தான். மத்தியானம் கெசியா அம்மா கூட வந்தார்.

எல்லோரிடமும் பெரியவர் குரலைத் தாழ்த்தி ஒன்றையே சொன்னார்.

"என் மகன் தூங்கறான். நாளைக்கு வாங்க."